கன்றுக்கு எத்தனை வயிறு?

மாட்டுப் பொங்கலன்று நம்முடைய ஊர்களில் கன்றுக்குட்டிக்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்தால், பிறந்தால் தமிழ்நாட்டில் கன்றாகத்தான் பிறக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். நெற்றியில் மஞ்சளும் குங்குமமும், கழுத்தில் நெட்டி மாலை, காலில் சலங்கை. குழந்தைகள் பொங்கலை உருட்டி அதன் வாயில் ஊட்டுகிறார்கள். ஆனால் மறுநாள் விடியற்காலையில் அதே கன்றின் கதி என்ன என்று அறிய வேண்டுமானால், பால் கறக்கும் நேரத்தில் கொட்டிலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே அது ஒரு முளையில் கட்டுண்டு, தாயின் மடியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். பாத்திரம் நிறையும். பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் புறப்பட்டுவிடும். கன்றின் பங்கு எங்கே என்று கேட்பதற்கு அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

திருவாரூரில் மனுநீதிச் சோழனுடைய கதையை நினைவூட்டும் கல்தேரைப் பலர் பார்த்திருப்பார்கள். தேர்க்காலில் சிக்கிக் கன்று இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை இழுத்தது. அரசன் நீதி வழங்கினான். ஒரு கணத்தில், நடுத்தெருவில், பலர் பார்க்க நேர்ந்த மரணமாதலால் அது அரண்மனை வரையில் எட்டியது. நாலு மாத காலம் சிறுகச் சிறுக வாடி, ஒரு மழை இரவில் கொட்டிலின் மூலையில் இறந்து கிடக்கும் கன்றுக்காக எந்தப் பசுவும் மணியை இழுத்ததாகக் கதை கிடையாது. நான் இங்கே பேசப்போவது அந்தக் கன்றைப் பற்றி.

பாலைப் பொறுத்தவரையில் நமது தேசத்துக்குப் பெருமைப்பட நியாயம் இருக்கிறது. 1970-ல் தொடங்கி 1996 வரையில் நடந்த ‘வெண்மைப் புரட்சி’யின் பயனாக, 1998 முதல் உலகத்திலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் தேசம் நம்முடையதுதான். அந்தப் பால் பெரிய பண்ணைகளிலிருந்து வருவதல்ல. ஒரு பசு, இரண்டு பசு வைத்திருக்கும் சிறு குடித்தனக்காரர்களின் கொட்டில்களிலிருந்து வருவது. ஆனால் இன்னும் மூன்று வருஷம் கழித்துக் கறக்கப்போகும் பசு எது? இன்று முளையில் கட்டியிருக்கிறதே, அந்தக் கன்றுதான்.

பழைய காலத்தில் கன்றுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. அது சாஸ்திரமும் அல்ல. மனிதருடைய கருணையும் அல்ல. பசுவின் பிடிவாதம்! கீழைத் தஞ்சையின் உம்பளச்சேரிப் பசுவாகட்டும், கொங்கு நாட்டுக் காங்கேயம் பசுவாகட்டும், கன்று வந்து மடியை முட்டினால்தான் பாலை இறக்கும். கன்றைக் காணாவிட்டால் மடியைக் கல்லாக்கிக்கொண்டு நின்றுவிடும். ஆகவே வீட்டாருக்குப் பால் வேண்டுமானால் கன்று உயிரோடிருக்க வேண்டும். தினமும் நாலு வாய் குடிக்கவும் வேண்டும். கன்று இறந்துபோனால், அதன் தோலில் வைக்கோலை அடைத்து நிறுத்தி, தாய் அதை நக்கிக்கொண்டிருக்கும்போது கறந்துகொள்ளும் வழக்கம்கூட உண்டு. அந்தக் காட்சியைக் கண்டவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. கல்கத்தா போன்ற நகரங்களில் இதைவிடக் கொடிய ‘பூக்கா’ என்ற முறையைக் கையாண்டு பாலை இறக்கினார்கள். மகாத்மா காந்தி 1912-ல் தென்னாப்பிரிக்காவில் பாலைத் துறந்ததற்கு, அந்தக் கொடுமையைப் பற்றிப் படித்தது ஒரு காரணம். 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின்படி பூக்கா ஒரு குற்றம்.

கலப்பினப் பசுவுக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது. ஜெர்ஸி, ஹோல்ஸ்டீன் இரத்தம் கலந்த பசு, கன்று பக்கத்தில் இல்லாமலே, தீவன வாளியின் ஓசையைக் கேட்டதும் பாலை இறக்கிவிடுகிறது. வீட்டாருக்கு இது பெரிய சௌகரியம். கன்றுக்கோ, இருந்த ஒரே வக்கீலும் கட்சி மாறிவிட்டதைப் போல ஆயிற்று. பால் குடிப்பதற்கும் வயிறு வளர்வதற்கும் இனிமேல் அது வீட்டாருடைய அறிவை மட்டுமே நம்பியிருக்க வேண்டும்.

அந்த அறிவின் ஆரம்பம் ஒரு கேள்வியில் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் பிராணிகளின் ஜீரண உறுப்புகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பசுவின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு, அது தின்றதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும் என்றெல்லாம் சொல்லி முடித்தேன். பின் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, “கன்னுக்குட்டிக்கும் நாலு வயிறா, ஸார்?” என்று கேட்டாள்.

“ஆமாம், அம்மா.”

“அப்படின்னா எங்க கன்னுக்குட்டி ஏன் ஸார் அசைபோட மாட்டேங்குது?”

“பிறந்து எத்தனை நாளாயிற்று?”

“நேத்தோட எட்டு நாள்.”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஏனெனில், கன்று வளர்ப்பைப் பற்றி விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருப்பதெல்லாம் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில்தான். மேலும், அந்த வீட்டை நான் அறிவேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. தகப்பனார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். பாட்டியும் தாயாருமாகக் கடன் வாங்கிக் கட்டிய கலப்பினப் பசு ஒன்றின் பாலில்தான் வீட்டுச் செலவில் பாதி நடக்கிறது. முந்தைய வருஷம் அதே பசு ஈன்ற ஒரு கிடேரிக் கன்று, பார்ப்பதற்கு வயிறும் பொருமலுமாக இருந்து, நாலாவது மாதத்தில், ஐப்பசி அடைமழையில் செத்துப் போயிற்று. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் பதில்.

வளர்ந்த பசுவின் முதல் வயிறு ஒரு பெரிய சாக்கு. உடம்பின் இடப்புறத்தை ஏறக்குறைய முழுவதும் அடைத்துக்கொண்டிருக்கும். பெரிய பசுவானால் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். இந்தச் சாக்கில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. வைக்கோலை ஜீரணிப்பது உண்மையில் பசு அல்ல, இந்தக் குடிகள்தான். அவை வைக்கோலையும் புல்லையும் புளிக்கவைத்துச் சில அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களை வயிற்றின் உட்சுவர் உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கிறது. பசுவின் உடம்புக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு அதிலிருந்துதான் கிடைக்கிறது. உறிஞ்சுவதற்கு வசதியாக, அந்த உட்சுவர் முழுவதும் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்கிறோமே, அந்தத் துருக்கித் துண்டைப் போலச் சின்னஞ்சிறு விரல்களாக நிமிர்ந்து நிற்கும். இரண்டாம் வயிறு தேன்கூட்டைப் போன்றது. மூன்றாவதில் புஸ்தகத்தின் ஏடுகளைப் போல மடிப்புகள். நான்காவதுதான் நம்முடைய வயிற்றைப் போல அமிலமும் ஜீரண நீரும் சுரப்பது.

வளர்ந்த மாட்டில் முதல் இரண்டு வயிறுகளும் சேர்ந்து மொத்த அளவில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் இருக்கும். நான்காவது, 10 பங்குக்கும் குறைவு. பிறந்த கன்றிலோ எல்லாம் தலைகீழ். நான்காம் வயிறு ஒன்றே சுமார் 60 பங்கு. முதல் வயிறு ஊதாத பலூனைப் போலச் சுருங்கிக் கிடக்கும். உள்ளே விரல்களும் இல்லை, குடிகளும் இல்லை. வழவழவென்ற வெறும் பை. எட்டு நாள் கன்றுக்கு வயிறு நாலு உண்டு. வேலை செய்வது ஒன்றுதான். அசைபோடுவதற்கு அதனிடம் என்ன இருக்கிறது?

இன்னும் ஒரு வேடிக்கை. உணவுக்குழாய் முடிகிற இடத்தில் இரண்டு உதடுகளைப் போன்ற மடிப்பு உண்டு. கன்று காம்பைச் சப்பத் தொடங்கியதும் அந்த உதடுகள் சேர்ந்து ஒரு குழாயாக மாறிவிடும். பால் முதல் வயிற்றில் சிந்தாமல் அந்தக் குழாய் வழியாக நேரே கடந்துபோய், நான்காம் வயிற்றில் விழுந்து, சில நிமிஷங்களில் தயிரைப் போல உறைந்து, மெதுவாக ஜீரணமாகும். கன்று வெறும் தண்ணீரைக் குடிக்கும்போது பெரும்பாலும் இந்தக் குழாய் மூடுவதில்லை. தண்ணீர் முதல் வயிற்றுக்குப் போய்ச் சேரும். இந்த வித்தியாசத்தை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ளட்டும். (கன்றின் தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயால் பாலை ஊற்றுகிறவர்கள் இந்த அற்புத ஏற்பாட்டைக் கெடுப்பதோடு, பால் நுரையீரலுக்குள் போவதற்கும் வழி செய்கிறார்கள்.)

ஆகவே கன்று வளர்ப்பு என்பது, இந்த வழவழப்பான வெறும் பையை இரண்டு மூன்று மாதங்களுக்குள் துருக்கித் துண்டாக ஆக்குவதுதான். அது தானாக நடந்துவிடுவதில்லை. ஆனால் வயிறு வளர்வதற்கு முன்னால் கன்று உயிர் பிழைத்தாக வேண்டும் அல்லவா? அதனால் சீம்பாலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பசு ஈன்ற வீட்டில் சீம்பால் கிண்டும் வாசனை தெருக்கோடி வரையில் வரும். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் கிண்ணம் கிண்ணமாக அண்டை வீடுகளுக்குப் போகும். அதன் ருசியைப் பற்றி எனக்கு அபிப்பிராய பேதம் கிடையாது. ஆனால் அது யாருடைய சொத்து? மனிதக் குழந்தை தாயின் கர்ப்பத்திலேயே நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு பிறக்கிறது. பசுவின் நஞ்சுக்கொடியின் அமைப்பு அதற்கு இடங்கொடுப்பதில்லை. கன்று நிராயுதபாணியாகப் பூமியில் விழுகிறது. அதற்கு வேண்டிய கவசம் முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. அந்தக் கவசத்தை இரத்தத்துக்குள் அனுமதிக்கும் கதவு கன்றின் குடலில் முதல் சில மணி நேரம்தான் நன்றாகத் திறந்திருக்கும். மணிக்கு மணி சாத்திக்கொண்டே வந்து, சுமார் 24 மணி நேரத்தில் தாழிட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகு குடம் குடமாகச் சீம்பாலைக் கொடுத்தாலும் அது ஆகாரமாகுமேயன்றிக் கவசமாகாது.

நம் கிராமங்களில் ஒரு நம்பிக்கை உண்டு: நஞ்சு விழும் வரையில் கன்றை ஊட்டவிடக் கூடாது என்பார்கள். ஊட்டினால் நஞ்சு தங்கிவிடுமாம். உண்மை இதற்கு நேர் விரோதம். கன்று சப்பும்போது பசுவின் இரத்தத்தில் சுரக்கும் ஒரு சத்து, பாலை இறக்குவதோடு கர்ப்பப்பையையும் சுருங்கச் செய்கிறது. நஞ்சு விழுவதற்கு அது உதவியே தவிர இடைஞ்சல் அல்ல. நஞ்சுக்காக ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் காத்திருக்கும் வீட்டில் கன்றின் கதவு பாதி சாத்தப்பட்டுவிடுகிறது. 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை லிட்டர் சீம்பால் முதல் 12 மணி நேரத்தில் உள்ளே போக வேண்டும். அதில் பாதியாவது, பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள். தொப்புளைச் சுத்தமாக அறுத்து டிஞ்சர் அயோடின் வைப்பதும் இந்த நேரத்து வேலைதான். முதல் நாள் போனபின், கலப்பினப் பசு கன்று குடிக்கக்கூடியதைவிட அதிகமாகவே சுரக்கும். அந்த மிச்சத்தை வீட்டார் தாராளமாகக் கிண்டட்டும். எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பட்டும்.

சீம்பாலுக்குப் பிறகு பால். தினம் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது வெகு காலமாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. அது உயிரைக் காத்துச் சிறிது வளரவைக்கும் அளவே. முதல் மாதத்தில் இன்னும் தாராளமாக, சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தால் கன்று நன்றாக வளர்கிறது என்பதுதான் இப்போதைய ஆராய்ச்சியாளர்களின் முடிவு. இரண்டாவது மாதத்தில் பதினைந்தில் ஒரு பங்கு, மூன்றாவதில் இருபதில் ஒரு பங்கு என்று குறைத்துக்கொண்டு போகலாம். பால் இளஞ்சூடாகவும் பாத்திரம் சுத்தமாகவும் நேரம் தவறாமலும் இருக்க வேண்டும்.

பாலை மிச்சம் பிடிப்பதற்காக அரிசிக் கஞ்சி, வெல்லத் தண்ணீர், கழுநீர் இவற்றைக் கொடுப்பவர்கள் அநேகர். பிறந்து இரண்டு மூன்று வாரங்களான கன்றின் குடலில் பாலில் உள்ள சர்க்கரையை ஜீரணிக்கும் சத்து நிறைய உண்டு. வெல்லத்தின் சர்க்கரையை ஜீரணிக்கும் சத்து கிடையாது. மாவுப் பொருளை ஜீரணிப்பதும் சொற்பமே. ஜீரணமாகாத கஞ்சி குடலில் புளித்து, கழிச்சலாக வெளியேறுகிறது. கழிச்சலில் உடம்பின் நீரெல்லாம் போகிறது. பிறகு, “கண்ணேறு பட்டுவிட்டது” என்று மிளகாயைச் சுற்றிப் போடுகிறார்கள்.

இனி வயிற்றைப் பார்ப்போம். பால் மட்டுமே குடித்து ஆறு வாரம், எட்டு வாரம் வளர்ந்த கன்றின் முதல் வயிற்றை அறுத்துப் பார்த்தால், அது பிறந்த அன்று இருந்ததைப் போலவே வழவழப்பாக இருக்கும். பால் அந்தப் பக்கமே போவதில்லையே! அப்படியானால் அதை வளர்ப்பது எது? நம்முடைய குடியானவர்களைக் கேட்டால் தயங்காமல் “வைக்கோல்” என்பார்கள். “வைக்கோல் தின்னத் தின்னத்தான் வயிறு விரியும், வயிறு விரிந்தால்தான் நாளைக்கு நன்றாகத் தீனி தின்னும்.” கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. மேல்நாட்டு விஞ்ஞானிகளில் சிலருக்கும் இந்த எண்ணம் இருந்தது. முரட்டுத் தீனி உட்சுவரில் உராய உராய விரல்கள் முளைக்கின்றன என்று கருதினார்கள்.

அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் வார்னர், லூஸ்லி முதலிய விஞ்ஞானிகள் 1950-களின் பிற்பாதியில் இதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். பால் குடிக்கும் கன்றுகளின் முதல் வயிற்றில் பிளாஸ்டிக் பஞ்சுத் துண்டுகளை வைத்தார்கள். பஞ்சில் சத்து ஒன்றும் இல்லை. ஆனால் இடத்தை அடைக்கும், உராயும். என்ன நடந்தது? வயிறு பெரிதாயிற்று. ஆனால் விரல்கள் முளைக்கவில்லை! வேறு கன்றுகளுக்கு, நுண்ணுயிர்கள் தீனியைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் அமிலங்களின் உப்புகளை நேராக முதல் வயிற்றில் செலுத்தினார்கள். விரல்கள் முளைத்து நிமிர்ந்துவிட்டன. அவற்றிலும் ப்யூட்ரிக் அமிலம் என்பதன் உப்புக்குச் சக்தி அதிகம் என்று 1959-ல் அவர்கள் வெளியிட்டார்கள். இந்த அமிலம் நமக்கு அந்நியமானதல்ல. வெண்ணெயின் லத்தீன் பெயரிலிருந்துதான் அதன் பெயரே வந்தது. கெட்டுப்போன வெண்ணெயில் வீசுகிறதே ஒரு வாடை, அது இதனுடையதுதான்.

இந்த அமிலங்கள் அதிகமாக உண்டாவது எதிலிருந்து? வைக்கோலிலிருந்து அல்ல, தானியத்திலிருந்து. கன்று கடித்துத் தின்னும் ஒரு பிடி உடைத்த தானியம், பாலைப் போலக் குழாய் வழியாகக் கடந்துபோகாமல் முதல் வயிற்றில் விழுகிறது. தாய் நக்கும்போதும், தரையிலிருந்தும், தீனியிலிருந்தும் வந்து சேரும் நுண்ணுயிர்கள் அதன்மேல் குடியேறுகின்றன, புளிக்கவைக்கின்றன. அமிலம் சுவரைத் தொடுகிறது. சுவரில் விரல்கள் முளைக்கின்றன. முளைத்த விரல்கள் இன்னும் அதிக அமிலத்தை உறிஞ்சுகின்றன. கன்றுக்குப் பசி எடுக்கிறது. இன்னொரு பிடி தின்கிறது. வைக்கோல் மட்டும் தின்னும் கன்றின் வயிறோ, கார்னெல் விஞ்ஞானிகளின் பஞ்சு வைத்த வயிற்றைப் போலப் பை மட்டும் பெருத்து, உள்ளே உறிஞ்சுவதற்கு ஒன்றுமில்லாமல் இருக்கும்.

அந்த வீட்டு முந்தைய வருஷத்துக் கன்றின் கதை இதுதான். ஒருநாள் அந்தப் பக்கமாகப் போனபோது பாட்டியம்மாள் என்னை நிறுத்தி, “பாருங்க வாத்தியாரையா, வயிறு எப்படி ரொம்பியிருக்கு! இதைப் போய்ப் பட்டினி போடறேன்னு சொல்றா என் மருமக!” என்றாள். பானையைக் கவிழ்த்தாற்போல வயிறு. மேலே எண்ணக்கூடிய விலா எலும்புகள். முதுகிலே மினுமினுப்பில்லாத, சிலிர்த்து நின்ற ரோமம். அந்தக் கன்று பாட்டியின் கண்ணுக்கு வயிறாரத் தின்ற கன்றாகவே தெரிந்தது. அவளைக் குறை சொல்லுவதற்கில்லை. தினமும் கை நிறைய வைக்கோலைப் போட்டாள். அது தீர்ந்துபோவதைத் தன் கண்ணால் பார்த்தாள். ஒன்றரை மாதத்தில் பாலை நிறுத்தியாயிற்று. கடன் தவணைக்கு ஒவ்வொரு லிட்டரும் வேண்டியிருந்தது. ஐப்பசியில் குளிரும் கழிச்சலும் வந்தபோது எதிர்த்து நிற்பதற்கு அந்த உடம்பில் ஒன்றும் இல்லை.

இந்த முறை, எட்டு நாள் கன்றுக்கு அந்தப் பெண் உபாத்தியாயர் ஆனாள். நான் ஒரு காகிதத்தில் எழுதிக்கொடுத்த கலவை இதுதான்: நூறு பங்கில் உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 50, கடலைப் பிண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 17, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1. இதில் புரதச் சத்து நூற்றுக்கு 20 பங்கையொட்டி அமையும். கன்றின் வயதுக்கு அதுதான் தேவை. தானியத்தை ரவை பதத்தில் உடைக்க வேண்டும். மாவாக அரைத்தால் மூக்கில் ஏறும். வயிற்றிலும் விரல்களின்மேல் பசையாக அப்பிக்கொண்டு அவற்றைக் கெடுக்கும். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு விஷத்துக்குச் சமானம். பெரிய மாட்டுக்கே ஆகாதது கன்றுக்கு எப்படி ஆகும்? கடையில் கன்றுத் தீவனம் என்றே மூட்டையாகக் கிடைக்கிறது, அதுவும் நல்லதே. ஆனால் கறவை மாட்டுக்கென்று விற்கும் தீவனத்தில் யூரியா கலந்திருக்கலாம். அதைப் பயன்படுத்தும் குடிகள் கன்றின் வயிற்றில் இன்னும் நிலைபெறாததால் ஆறு மாதம் வரையில் யூரியா உதவாது.

முதலில் கன்று இதைத் தின்னாது. பால் குடித்து முடித்த கையோடு, வாய் ஈரமாகவும் சப்பும் ஆசை தீராமலும் இருக்கும்போது, ஒரு சிட்டிகையை அதன் நாக்கில் தடவ வேண்டும். மூக்கு நுனியில் அப்பினால் தானே நக்கிக்கொள்ளும். இரண்டாவது வாரத்தில் நாளுக்கு ஒரு பிடி, ஒரு மாதத்தில் கால் கிலோ, இரண்டு மாதத்தில் அரைக் கிலோவுக்கு மேல் என்று தானாகவே ஏறும். மிச்சத்தைத் தினமும் எடுத்துத் தாய்ப்பசுவின் தொட்டியில் போட்டுவிட்டுக் கன்றுக்குப் புதிதாக வைக்க வேண்டும். எச்சிலில் ஊறிப் புளித்த தீனியைக் கன்று தொடாது.

அதோடு தண்ணீர். “பால் குடிக்கிற கன்றுக்குத் தண்ணீர் எதற்கு?” என்று கேட்காத வீடே கிடையாது. முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன சமாசாரம் இங்கேதான் உதவுகிறது. பால் நான்காம் வயிற்றுக்குப் போய்விடுகிறது. முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு அதில் ஒரு சொட்டும் கிடைப்பதில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் தானியம் அங்கே உலர்ந்து கிடக்கும், புளிக்காது. 1984-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பால் கொடுத்துத் தண்ணீர் மட்டும் கொடுக்காமல் வளர்த்த கன்றுகள், தண்ணீரும் பெற்ற கன்றுகளைவிட நூற்றுக்கு 31 பங்கு குறைவாகத் தீவனம் தின்றன. எடையில் ஏறியதோ 38 பங்கு குறைவு. காசு செலவில்லாத ஒரு வாளித் தண்ணீர்!

வைக்கோலை நான் முற்றிலும் விலக்கச் சொல்லவில்லை. விரல்கள் முளைத்தபின் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் துலக்கிவிடுவதற்கும், வயிற்றின் தசை வலுப்பெறுவதற்கும் கொஞ்சம் நார்த் தீனி வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து இளம்புல் ஒரு பிடி, நன்றாக உலர்ந்த மெல்லிய வைக்கோல் சிறிது, பிறகு வேலிமசால், அகத்தி என்று பழக்கலாம். முதல் இரண்டு மாதங்களில் தானியக் கலவை சாப்பாடு, புல் ஊறுகாய். நம் கொட்டில்களில் இது தலைகீழாக நடக்கிறது.

மண்ணைத் தின்கிறது என்று சொல்லிக் கன்றின் வாயில் கயிற்றுக் கூடு மாட்டிவிடும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூடு போட்ட கன்று மண்ணைத் தின்னாது. தீனியையும் தின்னாது, தண்ணீரையும் குடிக்காது. மண் தின்பதற்குத் தாது உப்புக் குறைவும் வயிற்றுப் புழுவும் காரணமாகலாம். கன்றுகளைப் பிடிக்கும் பெரிய நாக்குப்பூச்சியின் குஞ்சுகள் தாய்ப்பாலின் வழியாகவே வந்துவிடுகின்றன. எருமைக் கன்றுகளில் இது மிக அதிகம். அதனால் பத்துப் பதினைந்து நாளிலேயே முதல் பூச்சி மருந்து கொடுத்துவிட வேண்டும். கால்நடை டாக்டரிடம் எடையைச் சொன்னால் அளவைச் சொல்வார். புழுவுக்கு மருந்து, குறைவுக்கு உப்புக் கலவை, கூட்டைக் கழற்றிவிடலாம்.

“இதெல்லாம் கட்டுப்படியாகுமா?” என்பது பாட்டியின் கேள்வி. எல்லாக் குடித்தனக்காரர்களின் கேள்வியும் அதுதான். தினம் இரண்டரை, மூன்று லிட்டர் வீதம் பத்து வாரத்துக்குக் கணக்குப் போட்டாலும் சுமார் 200 லிட்டர்தான் வரும். சுமாரான கலப்பினப் பசு ஒரு ஈற்றில் 2,000 லிட்டர் கறக்கிறது. அதாவது பத்தில் ஒரு பங்கு. கன்று சீக்கிரம் தீவனம் தின்னப் பழகினால் அதுவும் குறையும். மூன்று மாதத்துக்குக் கலவைத் தீவனம் 40 கிலோ போதும். ஒழுங்காக வளர்ந்த கலப்பினக் கிடேரி சுமார் 30 மாதத்தில் முதல் கன்று ஈனும். கன்றுப் பருவத்தில் வாடியது, பிழைத்தாலும் 40 மாதமாகியும் பருவத்துக்கு வராமல் நிற்கும். அந்தப் பத்து மாதமும் அது தின்னும் தீனி யார் கணக்கில் எழுதப்படுகிறது? காளைக் கன்றுகளின் விஷயம் வேறு. டிராக்டர் வந்த பிறகு அவற்றை விரும்புவார் இல்லை. அவற்றின் பங்குப் பாலைப் பற்றிப் பேசினாலே வீட்டாருக்குக் கோபம் வருகிறது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

பாட்டிக்கு இந்தக் கணக்கு ஒப்பவில்லை. பேத்தி மட்டும் ஒரு பழைய நோட்டுப் புஸ்தகத்தில் தினமும் எத்தனை பிடி வைத்தாள், எத்தனை பிடி மிஞ்சியது என்று எழுதிக்கொண்டு வந்தாள். முதல் பத்து நாள் மிஞ்சியதுதான் அதிகம். இருபத்தோராம் நாள் எதிரே ‘அசைபோட்டது’ என்று பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஆறாவது வாரத்தில் பாலை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்செழுந்தபோது, அவள் நோட்டுப் புஸ்தகத்தோடு என்னிடம் வந்தாள். பால் மறக்கச் செய்வதற்கு நாள்காட்டியைப் பார்க்கக் கூடாது. தீவனத் தொட்டியைப் பார்க்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாமல் தின்றால், உள்ளே வயிறு தயாராகிவிட்டது என்று பொருள். அப்போதும் ஒரே நாளில் நிறுத்தாமல் ஒரு வேளையாகக் குறைத்துப் பிறகு நிறுத்த வேண்டும். அன்று நோட்டில் கண்ட கணக்கு 400 கிராம். “இன்னும் ஆகவில்லை” என்றேன்.

பதினொன்றாவது வாரத்தில் ஆயிற்று. பாலை நிறுத்திய அடுத்த வாரம் பாட்டியம்மாள் என்னைத் தெருவில் நிறுத்தி, “வயிறு ஒட்டிக் கெடக்கே, வாத்தியாரையா!” என்று மிகவும் கவலைப்பட்டாள். போய்ப் பார்த்தேன். கன்று விலாவும் தொடையும் சதைப் பிடித்து, ரோமம் எண்ணெய் தடவினாற்போல மின்ன, கொட்டிலின் நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. “இருக்க வேண்டிய வயிறு இவ்வளவுதான், பாட்டி” என்றேன். அவள் நம்பினதாகத் தோன்றவில்லை. நான் திரும்பி வரும்போது, ஒரு கை வைக்கோலை உருவிக்கொண்டு கொட்டிலுக்குள் போனாள். பேத்தி அதைப் பாதியாகக் குறைத்துத் தொட்டியில் போட்டாள்.